இடம் வலம் மாறிய மரம்

பஸ்ஸைத் திருப்ப முடியாது. அதன் நெற்றியில் ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறது. படத்தை இடம் வலமாக மாற்றிப் போட்டால் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் ஆகிவிடும். பார்க்கிற எவருக்கும் பொய் தெரிந்துவிடும். அம்மாவைத் திருப்பலாம். அம்மா மேல் எழுத்து எதுவும் இல்லை.

இப்படித்தான் யோசித்தேன். அப்போது அது நல்ல யோசனையாக இருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்தவள் நான் ஒருத்திதான். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். உயர்தரம் முடித்து, இரத்தினபுரியில் ஒரு நிறுவனத்தில் ஊடகம் படிக்கச் சேர்ந்தபோது கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அடையாள அட்டை கொடுத்தார்கள். சனிக்கிழமைகளில் கஹவத்தை பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதும் அதைக் கழற்ற மாட்டேன். கழற்றிப் பையில் வைக்கலாம்தான். வைத்ததில்லை.

இரண்டாம் ஆண்டில் மூன்று பேர் சேர்ந்து ஒரு பாட்டுக்கு வீடியோ செய்ய வேண்டும் என்றார்கள். பாட்டை எழுதிப் பாடியவன் றக்வான பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரன். கமெரா பிடித்தவள் எம்பிலிப்பிட்டியவிலிருந்து வருகிற சிங்களத் தோழி. எடிட்டிங் நான். விடிகாலை பஸ்ஸில் வேலை தேடிக் கொழும்புக்குப் போகிற மகனையும், அதே நேரத்தில் மலைக்கு வேலைக்குப் போகிற தாயையும் பற்றிய பாட்டு அது. பாடகன் தன் தோட்டத்தில் எடுக்கலாம் என்றான். பனி, மலை, கூடை, கொழுந்து. நான்தான் வேண்டாம் என்றேன். கொழுந்து பறிக்கிற பெண்ணின் படத்தைத் தேயிலைப் பெட்டியில் பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் அலுத்திருக்கும். எங்கள் தோட்டத்தில் இறப்பர் இருந்தது. என் அம்மா பால் வெட்டுகிறவர்.

"என்னைய எதுக்குடி? நா என்ன நடிகையா?" என்றார் அம்மா.

"நடிக்க வேணாம்மா. நீங்க ஒங்க வேலயப் பாருங்க. நாங்க எடுத்துக்கிறோம்."

"மறுபடி செய், மறுபடி செய்யின்னு சொல்லக் கூடாது. ஒரு தரம் வெட்டுன மரத்த அன்னைக்கே மறுபடி வெட்ட ஏலாது."

"சொல்ல மாட்டோம்."

"எல்லாருக்கும் போட முந்தி எனக்குக் காட்டணும்."

"காட்டுறேன்" என்றேன். அந்த வாக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்த நாளில் அம்மா யாருக்காகவும் நிற்கவில்லை. ஒரு மரத்தின் முன் வருவார். நேற்றைய வெட்டுக் கோட்டில் உறைந்து கிடக்கும் பாலை ஒரே நாடாவாக உரித்து வாளியில் போடுவார். கத்தியைக் கோட்டின் தொடக்கத்தில் வைத்து, பக்கவாட்டில் சின்னச் சின்னக் காலடியாக நகர்ந்துகொண்டே பட்டையை மெல்லிசாகச் சீவுவார். அந்தச் சாய்ந்த கோட்டில் பால் ஊறி, ஓடி, முடிவில் செருகியிருக்கும் தகரத் துண்டு வழியாகச் சிரட்டையில் சொட்டத் தொடங்கும்போது அம்மா அடுத்த மரத்தில் இருப்பார். தோழி கமெராவோடு பின்னால் ஓடினாள்.

"அம்மே, பொட்டக் இன்ன!" என்று கத்தினாள். கொஞ்சம் நில்லுங்கள் என்று.

அம்மா திரும்பிப் பார்க்காமல் சிங்களத்திலேயே பதில் சொன்னார். மழை வருவதற்குள் இன்னும் பாதி மலை இருக்கிறது, நீதான் இளவயசுக்காரி, நீ ஓடி வா.

நான் ஒரு கல்லில் உட்கார்ந்து எடுத்தவற்றைப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த மலைக்குள் நான் அவ்வளவு நேரம் இருந்தது அன்றுதான். சின்ன வயதில் அங்கே ஓடினால் அம்மா குச்சியை எடுத்துக்கொண்டு துரத்துவார். "இங்க ஒனக்கு என்ன வேல? போயி புஸ்தகத்த எடு." மற்றப் பிள்ளைகள் சிரட்டை துடைக்கவும் ஒட்டுப்பால் பொறுக்கவும் தாயோடு போனார்கள். நான் போகவில்லை. அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

பாட்டுக்கு வீடியோ தொகுக்க உட்கார்ந்தால் முதலில் செய்வது தாளத்துக்கு அடையாளம் வைப்பது. பாட்டை ஓடவிட்டு, தாளம் விழுகிற ஒவ்வோர் இடத்திலும் ஒரு விசையைத் தட்டுவேன். திரையில் புள்ளி புள்ளியாக விழும். ஒவ்வொரு புள்ளியிலும் காட்சியை மாற்றினால் போதும், பாட்டும் படமும் ஒட்டிக்கொள்ளும் என்று ஆரம்பத்தில் எல்லாரும் நினைப்போம். செய்து பார்த்தால் மரம் அறுக்கும் ஆலைக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். கண் மூன்றாவது புள்ளியிலேயே அடுத்ததை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். எதிர்பார்த்தது எதிர்பார்த்த இடத்தில் வந்துகொண்டே இருந்தால் மனம் வேறு எங்கோ போய்விடும். அதனால் சில புள்ளிகளைத் தாண்டிவிட வேண்டும். சில இடங்களில் தாளத்துக்கு ஒரு கண்ணிமைப்பு முந்தி மாற்ற வேண்டும். காது கேட்பதைவிடக் கண் கொஞ்சம் தாமதமாகத்தான் புதுக் காட்சியைப் பிடிக்கும். இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஒரு கிழமை உட்கார்ந்து நானே பிடித்தேன்.

சொல்லித் தந்தது திசையைப் பற்றி. ஒரு காட்சியில் வலப்பக்கம் நோக்கிப் போகிறவர் அடுத்த காட்சியில் இடப்பக்கம் போனால், திரும்பி வருகிறார் என்றுதான் பார்க்கிறவர் நினைப்பார். போகிறவர் போய்க்கொண்டே இருக்க வேண்டுமானால் திசை மாறக் கூடாது. எங்களுக்குத் தலைவலி அதில்தான் வந்தது. மலையிலிருந்து பஸ் இறங்கி வருகிற பாதையில் ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மழைத்தண்ணீர் ஓடும் கான். தோழி கான் ஓரமாக நின்றுதான் எடுக்க முடிந்தது. அதனால் பஸ் எல்லாக் காட்சிகளிலும் வல மேல் மூலையிலிருந்து இட கீழ் மூலைக்கு இறங்கியது. அம்மாவின் மரத்தில் பால் இடமிருந்து வலமாக ஓடியது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் எதிரும் புதிருமாக இருந்தது. ஒன்றைத் திருப்பித்தான் ஆக வேண்டும். பஸ்ஸில் எழுத்து இருந்தது.

எடிட்டிங் மென்பொருளில் ஒரு பெட்டியில் சரி போட்டால் போதும், காட்சி இடம் வலமாகத் திரும்பிவிடும். அம்மாவின் பதினொரு காட்சிகளையும் திருப்பினேன். பக்கத்திலிருந்த தோழி, "இது பரவாயில்லையா?" என்று கேட்டாள்.

"கவுருத் தன்னே நே" என்றேன். யாருக்கும் தெரியாது.

திருப்பிய பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்று கிடைத்தது. பாதையின் சரிவும் வெட்டுக் கோட்டின் சரிவும் ஏறக்குறைய ஒன்று. பஸ் வளைவு தாண்டி வந்து திரையின் நடுவை அடைகிற அந்த நொடியில் மரத்துக்கு மாற்றினேன். பஸ் இருந்த இடத்தில் பால். பாதை இருந்த இடத்தில் பட்டையின் கோடு. பஸ் விட்ட இடத்திலிருந்து பால் ஓடியது. அதைப் பார்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

வியாழக்கிழமை அரைகுறையாக இருந்ததை வகுப்பில் போட்டுக் காட்டினோம். விரிவுரையாளர் அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். பின்னால் போகச் சொன்னார். மறுபடி, மறுபடி. பிறகு வகுப்பைப் பார்த்து, இதைப் போல ஒரு கட் கிடைத்தால் ஆண்டிறுதிக் காட்சியைத் திறந்து வைக்கலாம் என்றார். திங்கட்கிழமை முடித்துக் கொடுங்கள், முதலாவதாகப் போடுவோம். பாடகன் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தான். நான் அடையாள அட்டையைச் சரி செய்துகொண்டு ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிறு பகல் சாப்பாடு முடிந்து தோழியின் லெப்டொப்பை வீட்டு மேசையில் திறந்தேன். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என்று வைத்த கதிரைகளில் ஒன்றில் பக்கத்து வீட்டுச் சித்தி வந்து உட்கார்ந்துவிட்டார். சொந்தச் சித்தி இல்லை, முறைக்குச் சித்தி. அவரும் அம்மாவோடு பால் வெட்டுகிறவர். அவர் வந்தால் அவர் வீட்டார் எல்லாரும் வந்த மாதிரி. அப்பா இறப்பர் காயவைக்கிற புகைக்கூடத்து வேலையிலிருந்து வந்து குளித்துவிட்டு, துவாயோடு நிலையில் சாய்ந்து நின்றார்.

பஸ் வந்தது. "அட, நம்ம பஸ்ஸு" என்றார் சித்தி. பாடகன் வந்தான். "யாருடி இந்தப் பையன்? தல சீவ மாட்டானா?" வாளி, காலடி, மரங்களுக்கிடையில் அம்மா. வேலையின் வேகத்தைத் தாளத்துக்குப் பொருந்த நான் கொஞ்சம் கூட்டியிருந்தேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஐயோ, நா இம்புட்டுச் சுறுசுறுப்பா?"

பிறகு பஸ் வளைவில் திரும்பியது. மரத்தில் பால் ஓடியது. நான் திரையைப் பார்க்கவில்லை. அவர்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் சிரிப்பு நின்றது.

"நிப்பாட்டு" என்றார் அம்மா.

நிறுத்துவதற்குள் சித்தி தொடையில் தட்டிச் சிரிக்கத் தொடங்கிவிட்டார். "யக்கா! நீ எப்பருந்து எடக்கைக்காரியான? பாரு, பாரு, மூக்குத்தியும் பக்கம் மாறிப்போச்சு!"

"எடக்கையில சோறு போடாம இருந்தாச் சரி" என்றார் அப்பா.

அம்மா சிரிக்கவில்லை. எழுந்து திரைக்குக் கிட்டப் போய், அந்தக் கோட்டின் மேல் விரல் வைத்தார். "இது யாரு வெட்டுனது?"

"நீங்கதாம்மா."

"நா இல்ல. நா இப்பிடி வெட்ட மாட்டேன். ஒலகத்துல எந்த ரப்பர் மரத்தையும் இப்பிடி வெட்ட மாட்டாங்க. எடது பக்கம் மேல, வலது பக்கம் கீழ, அப்பிடித்தான் வெட்டணும். இது மாறிக் கெடக்கு."

இறப்பர்ப் பட்டைக்குள் பால் வருகிற நரம்புகள் நேராக நிற்பதில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து மேலே ஏறுகின்றன என்பதைப் பிறகு தேடி வாசித்துத் தெரிந்துகொண்டேன். இடது மேலிருந்து வலது கீழாக வெட்டினால்தான் நிறைய நரம்பு அறுபடும், நிறையப் பால் வரும். மாற்றி வெட்டினால் பாலும் குறையும், வருடக்கணக்கில் வெட்ட வேண்டிய பட்டையும் வீணாகும். எங்கள் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், எட்டு வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். நான் இருபத்திரண்டு வயதில் வாசித்தேன்.

"கொம்பியூட்டர்ல திருப்பிப் போட்டதும்மா. பஸ் அந்தப் பக்கம் போகுது, அதுக்கு ஏத்த மாதிரி."

"பஸ்ஸுக்கு ஏத்த மாதிரி நா வெட்டணுமா?"

"இது ஒரு டெக்னிக். எங்க கிளாஸ் சேரே இதுதான் நல்லாயிருக்குன்னாரு. இதைத்தான் முதல்ல போடப்போறாங்க. மண்டபத்துல பாக்கிற ஆளுங்க யாருக்கும் இது தெரியாதும்மா. அவங்க யாரும் ரப்பர் வெட்டுனவங்க இல்ல."

"அப்ப அவங்களுக்குத்தான் எடுத்தியா? அவங்களையே வச்சு எடுத்திருக்கலாமே. என்னைய எதுக்கு ஓட ஓட எடுத்த?"

சித்தி சிரிப்பை நிறுத்திவிட்டு முந்தானையை இழுத்துக்கொண்டார். அவருக்கு அம்மாவின் குரல் தெரியும்.

அம்மாவின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. கங்காணி மரத்துக்கு மரம் பட்டையைப் பார்த்து வருவார். கத்தி ஆழமாகப் போய் மரம் காயப்பட்டிருந்தால் அந்த இடத்தில் சோக்கால் வட்டம் போடுவார். மறுநாள் பிரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற அந்தக் காலைக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும் வெட்டியவர் பெயரைச் சொல்வார். அம்மாவின் பெயர் அப்படிச் சொல்லப்பட்டதே இல்லை. இதை அம்மா எங்களிடம் பெருமையாகச் சொன்னதில்லை. சித்திதான் சண்டை வரும்போதெல்லாம் குத்திக் காட்டுவார், "ஒங்காத்தா பெரிய கைகாரி" என்று.

"இது ஒரு போனுக்குப் போனா எல்லா போனுக்கும் போயிரும்" என்றார் அம்மா. "நாளைக்குப் பிரட்டுல நா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்கிறது? பால் வெட்டத் தெரியாதவன்னு எம் படத்தையே காட்டிச் சிரிப்பாளுக. சரியாப் போட ஏலும்னா போடு. இல்லாட்டி என்னைய எடுத்துரு. ஒன் பாட்டுல நா இருக்க வேணாம்."

சொல்லிவிட்டுப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு கழுவத் தண்ணீர்ப் பீலிக்குப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்க மாட்டேன். இரண்டு வருடம் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ப் படித்த படிப்பில் எனக்குக் கிடைத்த ஒரே பெரிய பாராட்டு அந்தக் கட். அதை யார் கெடுக்கிறார் பார், என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது.

பாடகனுக்குப் போன் எடுத்தேன். அவன் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "அம்மாவத் தூக்கிரு. எங்கிட்ட எங்க மலையில எடுத்த கொழுந்து சீன் இருக்கு. அனுப்புறேன். கொழுந்த எந்தப் பக்கம் திருப்பினாலும் கொழுந்துதான்."

அது சரியான வழிதான். அம்மாவும் இருக்க மாட்டார், பிரச்சினையும் இருக்காது. அவன் அனுப்பியதை இறக்கிப் பார்த்தேன். பனி, கூடை, சிரிக்கிற பெண்கள். தேயிலைப் பெட்டி. அதை வேண்டாம் என்று சொன்னவள் நான்.

தோழிக்கு எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். யாருக்கும் தெரியாது என்றாயே, உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறதே, என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். போனை வைத்த பிறகுதான் அது எனக்குள் வேலை செய்தது. யாருக்கும் என்று நான் சொன்னபோது அந்த 'யாரும்' என்பதில் எங்கள் லயத்து ஆட்கள் ஒருவர்கூட இல்லை. மரத்தில் எழுத்து இல்லை என்று நினைத்தேன். சித்தியும் அம்மாவும் அந்தக் கோட்டை நான் பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசிப்பதைவிட வேகமாக வாசித்தார்கள்.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. தகரக் கூரையில் மழை விழுந்தால் எங்கள் வீட்டில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. பாட்டு எப்படிக் கேட்கும்? ஒலியை முழுதாகக் கூட்டியும் தாளம் வரவில்லை. மழை விடும்வரை நிற்கலாம், ஆனால் மறுநாள் காலை பஸ்ஸுக்கு முந்தி வேலை முடிய வேண்டும். ஒலியை அணைத்துவிட்டு வெறும் படத்தை வைத்து வேலை செய்தேன். அப்படி நான் அதுவரை செய்ததில்லை.

பதினொரு காட்சிகளிலும் அந்தச் சரியை எடுத்தேன். கத்தி அம்மாவின் வலக் கைக்கு வந்தது. மூக்குத்தி அதன் பக்கத்துக்குப் போனது. இரண்டு கிழமையாக அந்த முகத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். என் அம்மாவின் மூக்குத்தி பக்கம் மாறியிருந்தது எனக்குத் தெரியவில்லை.

பஸ் இடப்பக்கம் இறங்கியது. பால் வலப்பக்கம் இறங்கியது. எதிர்பார்த்ததுபோலவே கட் செத்துவிட்டது. ஒன்றை ஒன்று தள்ளிவிடுவதுபோல் கண் குலுங்கியது. பஸ்ஸைச் சுருக்கிப் பார்த்தேன், கருமையாக்கி இணைத்துப் பார்த்தேன், ஒன்றின் மேல் ஒன்றைக் கரையவிட்டுப் பார்த்தேன். கரையவிட்டால் கல்யாண வீடியோ மாதிரி இருந்தது.

திசை மாற்றியே ஆக வேண்டுமானால் நடுவில் திசை இல்லாத ஒரு காட்சியை வை என்று முதலாம் ஆண்டில் படித்திருந்தேன். நேராகக் கமெராவை நோக்கி வருவது, அல்லது அசையாதது. அப்படி எங்களிடம் ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன். எடுத்தவற்றை எல்லாம் முதலிலிருந்து பார்த்தபோது, அம்மா அவளை விட்டுவிட்டு முன்னால் போன ஓர் இடத்தில், தோழி மூச்சு வாங்க நின்று சும்மா எடுத்த ஒன்று இருந்தது. நேர் மேலிருந்து சிரட்டை. கறுத்த வட்டத்துக்குள் வெள்ளை வட்டம். ஒரு சொட்டு விழும், வட்டம் நடுங்கும், அடங்கும். இடமும் இல்லை, வலமும் இல்லை. பட்டியலில் அதற்கு நேரே நான் 'தேவையில்லை' என்று எழுதியிருந்தேன்.

பஸ். சிரட்டை. அம்மாவின் கை. கண் குலுங்கவில்லை. பஸ் அதன் வழியே போனது, பால் அதன் வழியே ஓடியது. முந்திய கட்டின் சிலிர்ப்பு இதில் இல்லை. ஆனால் ஒலி இல்லாமல் பார்க்கும்போது ஒன்று தெரிந்தது. மகன் ஒரு பக்கம் போகிறான், தாய் வேறு பக்கம் வேலை செய்துகொண்டு போகிறாள். பாட்டு சொல்வதும் அதுதான். பஸ்ஸைப் பாலாக மாற்றியபோது நான் அவர்கள் இரண்டு பேரையும் ஒரே பக்கம் அனுப்பியிருந்தேன்.

மழை விட்டதும் பாட்டோடு சேர்த்துப் பார்த்தேன். சிரட்டை வந்ததால் இரண்டு நொடி தள்ளிப்போயிருந்தது. அதற்கேற்ப மற்றதைச் சரிக்கட்டினேன். பாடகனுக்கு அனுப்பினேன். "எங்குரல் உச்சிக்குப் போற எடத்துல செரட்டையா?" என்று எழுதி, அதன் கீழே கையெடுத்துக் கும்பிடுகிற படத்தையும் போட்டிருந்தான்.

அம்மா அடுப்படியில் இருந்தார். கூப்பிட்டால் வரமாட்டார் என்று லெப்டொப்பையே தூக்கிக்கொண்டு போனேன். மாவு ஒட்டிய கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். மரம் வந்தபோது கண்ணை இடுக்கினார்.

"ம்" என்றார். "இப்ப சரி."

"அந்த வேகத்தையும் கொறச்சிரவா? அதுவும் நாந்தான் கூட்டினேன்."

"அது கெடக்கட்டும்" என்றார் உடனே. "அது நல்லாத்தான் இருக்கு."

திங்கட்கிழமை விரிவுரையாளர் அந்தக் கட் எங்கே என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். சிங்களத்தில் சொல்வதால் நிதானமாகச் சொல்ல முடிந்தது. அவர் மேசையில் விரலால் ஒரு கோடு போட்டார், பிறகு எதிர்ப்பக்கம் ஒரு கோடு. நான் பிறந்ததே இறப்பர் நடுவில்தான், கவனித்ததே இல்லை, என்றார். ஆனாலும் முந்தியது பலமாக இருந்தது, இது கொஞ்சம் தணிந்துவிட்டது, என்றும் சொன்னார். அதை அவர் புள்ளித்தாளிலும் எழுதினார். ஆண்டிறுதிக் காட்சியில் எங்களுடையது நாலாவதாகப் போனது. முதலாவதாக வந்தது ஒரு மோட்டார் சைக்கிள் பாட்டு.

அவர் சொன்னது பிழை இல்லை. அந்தக் கட் நல்ல கட்தான். இப்போதும் அதை ஒரு தனிக் கோப்பில் வைத்திருக்கிறேன். ஒருவருக்கும் காட்டியதில்லை. எப்போதாவது நானே போட்டுப் பார்ப்பேன். பஸ் பாலாகும். பிறகு அம்மாவின் இடக் கையைப் பார்த்துவிடுவேன், நிறுத்திவிடுவேன்.

வீடியோ அம்மா சொன்னபடியே ஒரு போனிலிருந்து எல்லாப் போனுக்கும் போனது. அடுத்த மாதம் நான் வீட்டுக்கு வந்த ஒரு சனிக்கிழமை, சித்தியின் போனை வாங்கி வைத்துக்கொண்டு அம்மா பீலியடியில் நாலைந்து பெண்களுக்கு நடுவில் நின்றார். எத்தனையாவது தரம் காட்டுகிறாரோ தெரியாது. பஸ் போனது, சிரட்டை போனது. மரம் வந்ததும் ஓர் இடத்தில் ஈர விரலால் திரையை அழுத்தி நிறுத்தினார்.

"இந்தா பாரு. இந்த எடத்துல எனக்குக் கத்தி கொஞ்சம் ஆழமாப் போயிருச்சு. அந்தப் புள்ள கமெராவ வச்சிக்கிட்டுப் பக்கத்துல நின்னுச்சா, கை தடுமாறிருச்சு."

எட்டிப் பார்த்தேன். கோட்டின் முடிவுக்குச் சற்று முந்தி, நகத்தளவுக்கு ஒரு பள்ளம். அதையும் நான் கவனித்திருக்கவில்லை.

"யக்கா, இத கங்காணி பாத்தாருன்னா வட்டம் போட்டுருவாரு" என்றார் சித்தி.

"போடட்டும்."

"அம்மா, அது அரை நொடிதான். எடுத்துரலாம். எடுத்துட்டு வேற அனுப்புறேன்" என்றேன்.

அம்மா என்னை, கேட்கக் கூடாததைக் கேட்டவள்போலப் பார்த்தார்.

"எதுக்கு? அது நா வெட்டுனது" என்று சொல்லிவிட்டு, விரலை எடுத்துப் படத்தை ஓடவிட்டார்.